பாய்க்கப்பற் பயணியும் பினாங்குத் தைப்பூசமும்

பெருங்கப்பலிலும் ஆகாய விமானத்திலும் செல்வோர், தாம் எந்த ஊரில் எந்த நாளில் இறங்குவர் என்பதை வீட்டிலிருந்தே குறித்துக்கொள்ளலாம். பாய் விரித்துக் கடல் கடப்போருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு நாள் குறிப்பது காற்று. காற்று எதிர்த்து வீசும் மாதங்களில் அவர்கள் ஏதாவதொரு கரையை அண்டிக் காத்திருத்தல் வேண்டும். காற்றுத் திரும்பியதும் புறப்பட்டுவிடல் வேண்டும். இடையிலே கிடைக்கும் நாட்களில் அந்தக் கரையில் என்ன சமைக்கின்றார்களோ அதை உண்பர். என்ன விழா வருகின்றதோ அதைக் காண்பர். இவ்வாறு காற்றினாலே ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட பயணிக்கு அவ்விடத்துச் சோறும் திருவிழாவும் என்ன சொல்லுகின்றன என்பதே இப்பேச்சின் பொருள். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது மலேசியாவின் பினாங்குத் தீவும், அங்கே நடைபெறும் தைப்பூச விழாவும்.

பாய்க்கப்பற் காலம் அடியோடு முடிந்துவிட்டது என்று எண்ணுதல் சரியன்று. சரக்கேற்றிய பெரிய பாய்க்கப்பல்கள் மறைந்தன என்பது உண்மையே. ஆயினும் 10 முதல் 15 மீற்றர் வரை நீளமுள்ள சிறு பாய்ப்படகுகளில், பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக இருவர், சிலபோது பிள்ளைகளுமாக நால்வர், உலகத்தைச் சுற்றி வருவது இன்றும் நடைபெறுகின்றது. அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியத் தீவுகளின் ஊடாக வருவோர், ஆண்டின் இறுதி மாதங்களில் மலாக்கா நீரிணையில் ஏறி மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடைகின்றனர். அங்கே அவர்கள் எதிர்பார்த்து நிற்பது வடகீழ்ப் பருவக்காற்றினை. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் வாடை என்று சொல்லும் அதே காற்றுத்தான். மார்கழி கழிந்து அது நிதானமடைந்து, ஒரே சீராக வீசத் தொடங்கும்போது, ஜனவரியிலிருந்து மார்ச் மாதத் தொடக்கம் வரையில் வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கைக்கு வருதல் எளிது. ஆயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்துக்கு எட்டு நாள் தொடக்கம் பன்னிரண்டு நாள் வரை பிடிக்கும். சித்திரையில் காற்று ஓய்ந்துவிடும். அதன்பின் தென்மேற்கிலிருந்து கச்சான் எழுந்து முகத்தில் அறையும். ஆகவே, அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவன் பல மாதங்களைத் தவறவிட்டவனாவான்.

அந்தச் சில வாரங்களின் நடுவே வருவதுதான் தை மாதத்துப் பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் நாள். 2024-ஆம் ஆண்டில் தைப்பூசம் ஜனவரி 25-ஆந் திகதி வந்தது. 2025-இல் பெப்ரவரி 11-ஆந் திகதி வந்தது. கடலோடிகளை எண்ணி யாரும் அந்த விழாவை அமைக்கவில்லை. விழாவை எண்ணிக் கடலோடிகளும் அங்கே வருவதில்லை. நிலவும் காற்றும் சேர்ந்து அவர்களைச் சந்திக்க வைக்கின்றன.

பினாங்கு, மலாக்கா நீரிணையின் வடவாயிலில், தீபகற்பத்தை ஒட்டி அமைந்த ஒரு தீவு. எதிர்க்கரையை அடுத்துக் கெடா மாநிலம். அதுவே பழைய கடாரம். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனுடைய கடற்படை சென்ற கடாரம் இதுவே என்பதை நேயர்கள் அறிவர். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, கீழ்க்கடலைத் தாண்டி வந்த மரக்கலத்தார் அங்குள்ள ஜெராய் மலையைத் தொலைவிலிருந்து அடையாளம் கண்டு கரை சேர்ந்தனர். அதன் அடிவாரத்திலே பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களும் பிற எச்சங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. காற்றுக்காகக் காத்திருத்தல் இக்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். அப்படிக் காத்திருந்தவர்கள் உண்ண வேண்டும், வழிபட வேண்டும்; ஆகவே அடுப்பும் கோயிலும் கரையிலே தோன்றின.

1786-ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைக்கொண்டார். சுங்கமற்ற துறைமுகமாக அது திறக்கப்பட்டதும் தமிழகத்துக் கரையூர்களிலிருந்து முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் வந்தனர், செட்டிமார் வட்டித் தொழிலுக்கு வந்தனர், கூலிவேலைக்குப் பல்லாயிரவர் வந்தனர், சீனர் வந்தனர். இன்று மாநிலத்தின் மக்களுள் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். தலைநகராகிய ஜோர்ஜ்ரவுண், மலாக்கா நகருடன் சேர்த்து, 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பாய்ப்படகில் வருவோர் பலர் நங்கூரம் இடுவது தீவின் கிழக்குப் பக்கத்தில், 1985-இல் திறக்கப்பட்ட பாலத்துக்குத் தெற்கே, ஜெரஜாக் என்னும் சிறுதீவின் மறைவில். வேற்றுநாட்டிலிருந்து வரும் படகு முதலில் மஞ்சள் நிறக் கொடி ஒன்றை ஏற்றுதல் வேண்டும். எங்கள் படகில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தருக என்பது அதன் பொருள். குடிவரவு அலுவலகம், சுங்கம், துறைமுக அலுவலகம் ஆகிய இடங்களிலே தாள்களில் முத்திரை விழுந்த பின்னரே அக்கொடியை இறக்கி, அந்நாட்டுக் கொடியை ஏற்றலாம்.

அந்த நங்கூரத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெரஜாக் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளர் இல்லம் இருந்தது; பின்னர் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் ஏற்பட்டது. நாகபட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர், பட்டினத்துக்குள் விடப்படுமுன் அங்கே நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். 1926-இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவ்வழியில் ஓடிய 'ராஜூலா' என்னும் கப்பலின் பெயர் மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றது. அக்கப்பலின் மேற்றளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள், எதிரே தெரியும் பட்டினத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு முகாமிலே காத்திருந்தனர். இன்று தம் இச்சையால் ஊர் சுற்றுகின்றவர்கள் மஞ்சட் கொடியுடன் காத்திருக்கும் நீரும், அன்று வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள் காவலில் காத்திருந்த கரையும் அருகருகே உள்ளன. கரையிலே இருப்பவர்கள் உள்ளே வா என்று அழைக்கும்வரை காத்திருத்தல் இரு சாராருக்கும் பொதுவாய் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பட்டினத்துக்குள் செல்வோம்.

கடலிலே பல நாள் கழித்தவனுக்குக் கரையில் முதலில் வேண்டுவது சமைத்த புதிய உணவு. சிறு படகிலே கீரை இரண்டு நாளில் வாடும். தக்காளி ஒரு வாரத்தில் அழுகும். எஞ்சுவன உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி, அரிசி, தகரத்தில் அடைத்த மீன் ஆகியவையே. நீரை அளந்து குடிக்க வேண்டும். ஆடும் அடுப்பிலே பாத்திரத்தைக் கட்டிவைத்துச் சமைத்தவன், ஆடாத மேசையின் முன் அமர்வதையே ஒரு பெரும் பேறாகக் கருதுவான்.

பினாங்கிலே அவன் பெரும்பாலும் முதலில் கேள்விப்படும் உணவு 'நாசி கண்டார்' என்பது. நாசி என்றால் மலாய் மொழியிலே சோறு. கண்டார் என்பது இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுத் தோளிலே தாங்கும் தண்டு. தமிழ் முஸ்லிம்கள் அத்தண்டின் ஒரு முனையிலே சோற்றுப் பானையையும், மறு முனையிலே கறிச் சட்டிகளையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத்திலே மூட்டை தூக்குவோர் வேலை தொடங்குமுன் அவர்களிடம் சென்று விற்றனர். தண்டு சுமந்தவர்கள் இன்று இல்லை, கடைகள் உள்ளன. ஆயினும் பெயர் மாறவில்லை. பரிமாறும் முறையும் அதிகம் மாறவில்லை. வெண்சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்புக் குழம்பு என ஒன்றின்மேலொன்றாக ஊற்றிக் கலப்பதே அதன் சிறப்பு. குழம்பு மிகுதியாக வேண்டுவோர் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று கேட்பர். பசித்த தொழிலாளிக்கு விரைவாகவும் வயிறு நிறையவும் உணவு கொடுப்பதற்காக ஏற்பட்ட வழக்கம், இன்று ஊரின் பெருமையாக விளங்குகின்றது.

தெருவோரத்திலே வேறு பல உணவுகளும் உண்டு. மீனை அவித்துப் புளியிட்டுக் காய்ச்சிய சாற்றிலே அரிசி நூல் இட்டு, அன்னாசித் துண்டும் புதினாவும் தூவித் தரும் 'அசாம் லக்சா' சீனரும் மலாயரும் கலந்து வாழ்ந்ததன் விளைவு. தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்த்துப் பனிக்கட்டியோடு தரும் 'செண்டோல்', வெயிலிலே நடந்தவனுக்கு அமிர்தம். இடியப்பத்தை அங்கே 'புத்து மாயம்' என்கின்றனர். சொதியும் சம்பலும் இல்லாமல், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி உண்கின்றனர். இலங்கைத் தமிழர் இதைக் கண்டு முதலில் சிறிது திகைப்பர், பின்னர் உண்பர். மலாய் மொழி கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'கப்பால்' என்றும், கறியைக் 'காரி' என்றும் கூறுகின்றது. யார் எதைக் கொண்டு வந்தனர் என்பதை அச்சொற்களே காட்டிவிடுகின்றன. கப்பலிலே வந்தனர்; கடை வைத்தனர்; கறி சமைத்தனர்.

இவையெல்லாம் காசு கொடுத்து உண்ணும் உணவு. பயணி உண்கின்றான், காசு கொடுக்கின்றான், கணக்குத் தீர்ந்துவிடுகின்றது. அவனுக்கும் அந்த ஊருக்கும் இடையே வேறு கடமை ஒன்றுமில்லை. தைப்பூசம் வரும்போது இந்த நிலைமை மாறுகின்றது.

பினாங்கிலே தைப்பூசம் மூன்று நாள் விழா. பூசத்துக்கு முதல்நாள் அதிகாலையில், பினாங்கு வீதியில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து முருகப் பெருமான் வெள்ளித் தேரில் எழுந்தருளி, காளைகள் இழுக்க, தண்ணீர்மலையடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கிப் புறப்படுகின்றார். கோயில் 1850-களில் கட்டப்பட்டது. வெள்ளித் தேர் 1894-இல் வந்தது. 2017-ஆம் ஆண்டு முதல், குயீன் வீதி மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கிப் பொற்றேர் ஒன்றும் புறப்படுகின்றது. இடைவழி சில மைல்களேயாயினும், தேர் மலையடிவாரத்தை அடைவதற்குப் பகல் முழுவதும் கழிந்து இரவாகிவிடும். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அர்ச்சனைத் தட்டுடன் மக்கள் நிற்கின்றனர். கொழும்பிலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் ஊர்வலத்தைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. இரண்டையும் தொடங்கியவர்கள் ஒரே நகரத்தார் சமூகத்தினர்.

தேர் வருமுன் வீதியிலே தேங்காய் உடைக்கப்படுகின்றது. ஒன்றிரண்டன்று, ஆயிரக்கணக்கில் குவித்து வைத்து உடைக்கின்றனர். உடைப்போருள் பெருந்தொகையினர் சீனர். நேர்த்தி வைத்தவர்கள், தொழில் செழிக்க வேண்டியவர்கள், நோய் தீர்ந்தவர்கள் எனக் குடும்பமாக வந்து, வெறுங்காலுடன் நின்று, எறிந்து உடைக்கின்றனர். சிதறு தேங்காயிலே தெரு வெண்மையாகி, இளநீர் ஓடி, தேர் செல்லுமுன் அதை வாரி ஒதுக்க வேண்டியதாகின்றது. முருகனை இன்ன மொழியில்தான் வணங்கலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மறுநாள் பூசம். காவடிகள் புறப்படுகின்றன. பாற்குடம் ஏந்திய பெண்கள், அலகு குத்தியவர்கள், குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுச் சுமக்கும் தாய் தந்தையர், அனைவரும் வெயிலேறுமுன் மலையடிவாரத்தை நோக்கி நடக்கின்றனர். மலைமேலுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். அங்கிருந்த பழைய கோயிலுக்குப் பதிலாக 2012-இல் பெரிய கோயில் எழுப்பப்பட்டுக் குடமுழுக்குச் செய்யப்பட்டது. காவடி எடுப்போர் பல நாள் முன்னரே விரதம் பூண்டு, மரக்கறி உணவு கொண்டு, தரையிலே படுத்து, உடலையும் மனத்தையும் ஆயத்தஞ் செய்கின்றனர்.

காவடி என்பதும் தோளிலே தாங்கும் தண்டுதான். இடும்பன் இரு மலைகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் சுமந்து சென்றான் என்பது பழனித் தலத்தின் கதை. நாசி கண்டார் விற்றவனும் அதே தண்டைத்தான் சுமந்தான். ஒருவன் இரு முனையிலும் மலையைச் சுமந்தான். ஒருவன் இரு முனையிலும் சோற்றையும் கறியையும் சுமந்தான். முன்னதைப் பக்தியென்றும் பின்னதைப் பிழைப்பென்றும் பிரித்துவிடலாம். ஆயினும் பினாங்கின் வீதியிலே நடக்கும் பயணிக்கு, இரண்டும் ஒரே மக்கள் தோளிலே சுமந்த சுமைகள் என்று தெரிந்தால், அவ்வூரின் வரலாற்றிலே பாதி விளங்கிவிடும். ஊரைக் கட்டியவர்கள் தோளாலே கட்டினர். வேண்டுதலையும் தோளாலேயே செலுத்தினர்.

இனி, தண்ணீர்ப்பந்தல்களுக்கு வருவோம். கோயிலுக்குச் செல்லும் வீதிகளின் இருமருங்கிலும் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. குடும்பத்தார் அமைத்தவை, தொழிற்சாலை ஊழியர் அமைத்தவை, அரசாங்க அலுவலர் சங்கங்கள் அமைத்தவை எனப் பலவகை. மோர், பானகம், தேநீர், சுண்டல், எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச் சோறு, சாம்பாருடன் சோறு என்பன விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை வழங்கப்படுகின்றன. செட்டியார் கோயிலிலும் அன்னதானம் நடைபெறுகின்றது. வந்தவன் தமிழனா, சீனனா, வெள்ளையனா, கோயிலுக்கு வந்தானா, வேடிக்கை பார்க்க வந்தானா என்று கேட்பதில்லை. கை நீண்டால் குவளை வருகின்றது.

முதன்முறை வரும் பயணி வழக்கத்தின்படி காசை எடுக்கின்றான். பரிமாறுகின்றவர் தலையசைத்து மறுக்கின்றார். அவன் விளங்காமல் மறுபடியும் நீட்டினால், அருகிலே நிற்பவர் விளக்குவார்: இது விற்பனையன்று; ஒருவருடைய நேர்த்தி. பிள்ளை பிறந்ததற்காகவோ, நோய் தீர்ந்ததற்காகவோ, இறந்துபோன பெற்றோரின் நினைவுக்காகவோ ஒருவர் இத்தனை பேருக்கு நீர் வார்ப்பேன் என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் நிறைவேற, வந்து குடிப்பதற்கு ஆள் வேண்டும். ஆகவே குடிப்பவன் கொடுப்பவனுக்கு உதவி செய்கின்றான். கொடுத்தவர் குடித்தவனுக்கு நன்றி சொல்லும் இந்த வழக்கம், உலகத்தின் பல துறைமுகங்களைக் கண்ட மனிதனையும் சற்று நின்று சிந்திக்க வைக்கும். கடலிலே நீரை அளந்து குடித்தவனுக்கு, அளவின்றி வார்க்கும் நீரின் அருமை மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகத் தெரியும்.

விருந்தினனைக் குறிக்கும் 'அதிதி' என்ற வடசொல்லுக்குப் பெரியோர் ஒரு விளக்கம் கூறுவர். திதி பார்த்து வராதவன், நாள் சொல்லாமல் வருகின்றவன், அதிதி. 'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் புதுமை என்பதே பழைய பொருள். உறவினன் வருவதை விருந்து என்று கூறுவது பிற்கால வழக்கு. முன்பின் அறியாத புதியவனே விருந்தாளி. காற்றுக் கொண்டுவந்து விட்ட கடலோடியைப் போல இச்சொற்களுக்குப் பொருத்தமானவர் வேறு யார்? திதி பார்த்து வருவது திருவிழா; திதி பாராமல் வருபவன் அதிதி. இரண்டும் தண்ணீர்ப்பந்தலிலே சந்திக்கின்றன.

ஆனால் விருந்தாளி என்பது தானாகக் கிடைத்துவிடும் நிலையன்று. வந்தவன் விருந்தாளியாகவும் இருக்கலாம். வெறும் வேடிக்கைக்காரனாகவும் இருக்கலாம். இன்று தைப்பூசத்துக்கு வரும் அயலார் பலருடைய கையிலே படக்கருவி இருக்கின்றது. அலகு குத்தும் இடத்திலே, கண் மூடி மந்திரஞ் சொல்லிக்கொண்டிருப்பவனுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கருவியை நீட்டுவோர் உண்டு. உடம்பிலே வேல் குத்தியதை மட்டும் படமெடுத்துக்கொண்டு, அவன் எதற்காக வேண்டினான் என்பதை ஒரு சொல்லாலும் கேளாமல் போவோர் உண்டு. அவர்கள் ஊருக்குத் திரும்பி, கண்டு வந்ததைச் சொல்லும்போது, விரதமும் வேண்டுதலும் மறைந்து, குருதியும் கம்பியுமே எஞ்சுகின்றன. பந்தலிலே கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இவ்வாறு செய்வது, விருந்துண்ட வீட்டைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

விருந்தாளிக்குரிய முறைகள் கடினமானவையல்ல. காலணியைக் கழற்ற வேண்டிய இடத்திலே கழற்றுதல், தோளையும் முழங்காலையும் மூடும் உடை, வலக்கையால் வாங்குதல், உண்ண முடிந்த அளவே வாங்குதல், படமெடுக்குமுன் கண்ணால் கேட்டு, தலையசைப்பு வந்த பின்னரே எடுத்தல், காவடிக்காரனின் வழியை மறியாமல் ஒதுங்கி நிற்றல். இவற்றையெல்லாம் விட மேலானது, இதை ஏன் செய்கின்றீர்கள் என்று பணிவுடன் ஒருவரைக் கேட்பது. துறைமுகத்திலே அனுமதிக்காக மஞ்சட் கொடியை ஏற்றிய அதே மனிதன், கோயில் வாசலிலும் அனுமதி கேட்கத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும்.

கொடுப்பவர் பக்கத்திலும் சிந்திக்க வேண்டியவை உள. பந்தலுக்குப் பந்தல் போட்டியாக ஒலிபெருக்கியைக் கட்டிச் சினிமா இசையை முழக்குவது, காவடிக்காரனின் மனத்தையும் கலைக்கும். வந்தவனின் செவியையும் செவிடாக்கும். பினாங்கிலே இதைக் கட்டுப்படுத்த விதிகள் போடப்பட்டதுண்டு. மிஞ்சிய சோறும் எறிந்த குவளைகளும் வீதியோரத்திலே குவிகின்றன. தானம் பெருக வேண்டுமென்ற ஆவலிலே, தானத்தின் தூய்மையைக் காப்பது மறந்துபோகலாகாது. விருந்தாளி நன்றாக நடந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்ப்பவர்கள், விருந்தையும் நன்றாக நடத்துதல் வேண்டும்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று இலங்கை நேயர்கள் எண்ணிவிடலாகாது. பினாங்கிலே தைப்பூசம் கண்டு புறப்படும் படகுகளிற் சில, அடுத்த வாரங்களிலே இலங்கைக் கரையை அடைகின்றன. போர் நடந்த ஆண்டுகளில் அவை பெரும்பாலும் காலித் துறைமுகத்தையே நாடின. 2009-இல் போர் முடிந்த பின்னர் திருகோணமலைக்கும் வரத் தொடங்கின. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அங்கே நங்கூரமிடுவோர் கோணேசர் கோயிலில் மகா சிவராத்திரியைக் காணும் வாய்ப்பைப் பெறுகின்றனர். பினாங்கிலே அவர்களைத் தடுத்து நிறுத்திய வாடைக்காற்றே அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றது. பினாங்கு மக்கள் மோர் கொடுத்து அனுப்பிய மனிதரை அடுத்ததாக எதிர்கொள்பவர்கள் இலங்கையர்.

இதிலே பழைய கடன் ஒன்றும் உண்டு. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938-ஆம் ஆண்டு ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றோர் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். வழியிலே எத்தனை துறைகளில் அவர்கள் மொழி தெரியாத புதியவர்களாக நின்றிருப்பர்! அன்னம் கொடுக்கும் தேவியின் பெயரைத் தாங்கிப் பிறந்த அந்தக் கப்பலின் மாலுமிகளும் அயற்கரையில் அதிதிகளே. அவ்வூருக்கு அண்மையிலே தொண்டைமானாற்றில் எழுந்தருளியிருக்கும் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே மக்கள் அழைக்கின்றனர். கடலோடிகளின் ஊர்களுக்கு அருகே அன்னதானம் ஓங்கி நிற்பது சிந்திக்கத்தக்கது. கடலிலே பசியை அறிந்தவர்கள் கரையிலே சோறிடுவதை மறப்பதில்லை.

ஆதலால், திருகோணமலையிலோ காலியிலோ யாழ்ப்பாணத்திலோ திருவிழாக் கூட்டத்தினிடையே வெயிலிலே கறுத்த முகத்துடன் ஓர் அயலான் திகைத்து நிற்கக் கண்டால், செய்ய வேண்டியவை இரண்டு. முதலில் குடிக்கக் கொடுத்தல். பெயரும் ஊரும் பின்னர் கேட்கலாம். அடுத்தது, அவனுக்கு விளங்கும் மொழியிலே, இது என்ன விழா, இந்தச் சோறு யாருடைய நேர்த்தி, அந்தக் காவடி ஏன் எடுக்கப்படுகின்றது என்று இரண்டு வாக்கியத்திலேனும் சொல்லுதல். இரண்டாவது பணி பெரும்பாலும் இளைஞருக்கு உரியது. பள்ளிக்கூடத்திலே சமய பாடத்தையும் ஆங்கிலத்தையும் தனித்தனியே கற்கும் மாணவன், ஒன்றை மற்றதிலே சொல்லப் பழகினால், ஓர் அயலானை வேடிக்கைக்காரனாகப் போகவிடாமல் விருந்தாளியாக மாற்றிவிட முடியும். அதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. தான் செய்வது இன்னதென்று தனக்கே தெரிந்திருத்தல் போதும்.

காற்றுத் திரும்பியதும் அவன் போய்விடுவான். மீண்டும் அவனைக் காண்பது அரிது. படகின் சிறு அறையிலே அடுத்த சில வாரங்களுக்கு அவன் உண்ணப்போவது மறுபடியும் உருளைக்கிழங்கும் தகர மீனுமே. ஆயினும் ஒரு கரையிலே, தன் பெயரையும் கேளாமல், காசும் வாங்காமல், ஒருவர் தனக்குச் சோறிட்டு அதன் காரணத்தையும் சொன்னார் என்ற செய்தியை அவன் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு செல்வான்.